நின்று பார்த்தவள்

இசக்கி தன் மகனைச் சமையலறைச் சுவரோரம் நிறுத்தி, கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்தாள். படம் தெளிவாகத்தான் விழுந்தது. பையனின் சுருட்டை முடி, கன்னத்தில் வைத்த மைப்பொட்டு, வாயோரம் ஒட்டியிருந்த வெல்லப்பாகு எல்லாமே அதில் இருந்தன. ஆனால் திரையின் அடியில் வரவேண்டிய பச்சைக் கோடு வரவில்லை. அதற்குப் பதிலாக அதே வரிதான் வந்தது: படம் உண்டு, பார்வை இல்லை.

"காலையிலயிருந்து இதயேதான் சொல்லுது. நான் அவனப் பாக்காம வேற எவனப் பாத்தேனாம்?" என்றாள்.

அவள் கணவன் சுடலைமுத்து தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "பதறாம எடு" என்றான்.

"நீங்க எடுங்களேன்."

"நான் சாப்பிடுதேன்ல."

சாப்பிடும்போது என்றில்லை, எப்போதுமே அவன் மகனை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. பாசம் இல்லாமல் அல்ல. இந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, முதல் பிறந்தநாளைக் காணாமலே போய்விட்டன. அந்த இரண்டையும் விதவிதமாகப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியவன் சுடலைமுத்துதான். மூன்றாவது பிறந்தபோது உறவுக்காரர்கள் குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து ஒரு படி தவிடு கொடுத்து வாங்கி வந்தார்கள். பிச்சைமணி என்று பெயர் வைத்தார்கள். யாரும் ஆசைப்படாத பிள்ளை, தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு வேறு வாசலைப் பார்த்துப் போய்விடட்டும் என்பதற்காக. பெற்றவர்களின் கண்தான் முதலில் பட்டுவிடும் என்று அவர்கள் சொன்னதால், தகப்பன் அன்றிலிருந்து மகனை ஓரக்கண்ணால் மட்டுமே பார்த்து வளர்த்தான். வீட்டில் யாரும் யாரையும் படம் எடுப்பதே நின்றுபோயிற்று.

நாலு வயது வரைக்கும் அது நல்ல காவலாகவே இருந்தது. இந்த மாதம்தான் காலனிக்குப் பின்னால் புதிய சாலையைத் திறந்தார்கள். இனி துறைமுகத்துக்குப் போகும் ஆளில்லா டிரெய்லர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் ஓடும். டிரைவர் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி பெட்டிகளைச் சுமந்து வரும். பச்சைக் கோடு விழுந்த சாட்சிப்படம் இல்லாதவர்கள் எதிரே நின்றால் அவை நிற்காது.

சாட்சி இல்லாதவர்கள் சாட்சி உள்ளவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடப்பது வழக்கம். இசக்கி கணவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். அவளுக்குக் கல்யாணத்தன்று எடுத்த படம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு படமும் இல்லை.

கணவன் போன பிறகு பையனைத் தோளில் சாத்தி, முந்தானையால் மூடிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். அங்கே தையல் மெஷின் முன்னால் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், பிள்ளை இல்லாதவள். அதைக் காரணம் சொல்லிப் புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவள் கண்ணுக்குப் பிள்ளையைக் காட்டாதே என்று இசக்கியிடம் யாரெல்லாமோ சொல்லியிருந்தார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் இசக்கி பயந்திருப்பாள். மெஷின் ஓடும் சத்தம் நின்றால், அந்தக் கண்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டன என்று அர்த்தம்.

இப்போதும் சத்தம் நின்றது.

"பின்னால ரோட்டுல வண்டி விட்டுட்டாங்க பாத்துக்க. பின்கதவு கொண்டிய நல்லாப் போட்டு வையி. பிள்ள ஓடிரப் போறான்" என்றாள் சந்தனமாரி.

நாக்கைப் பாரு, வாயத் தொறந்தா ஓடிரப் போறானாம் என்று இசக்கி மனசுக்குள் சபித்துக்கொண்டே நடந்தாள்.

ஸ்டுடியோ வைத்திருந்தவள் ரோஸ்லின் என்கிற பெண். சாட்சிப்படம் எடுக்க நகரத்தில் அவளிடம்தான் கூட்டம். ஆனால் ஒரு நாளில் இரண்டு மூன்று பேருக்கு மேல் எடுக்கமாட்டாள். அதற்கு மேல் எடுத்தால் தனக்கே பச்சைக் கோடு வராது என்பாள்.

"கோயில்ல ஒரு மணி நேரம் முழங்கால் போட்டா எப்பிடி இருக்கும், அப்பிடி அசந்துபோவுது, யக்கா" என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பையன இங்கன உக்கார வைங்க. வெளையாடட்டும். நான் பாத்துக்கிட்டு இருப்பேன். எப்ப எடுக்கணும்னு தோணுதோ அப்பத்தான் எடுப்பேன்."

"சட்டுனு எடுத்தா ஆவாதா?"

"சட்டுனு எடுக்கிறதுக்கு மெஷினே போதுமே. அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? களவாணிப்பயலுவ ரோட்டுல வெளிச்சத்துலயே ஆள் மாதிரி உருவம் செஞ்சு நிறுத்துனானுவ. வண்டி நின்னதும் ஏறிக் கொள்ளையடிச்சானுவ. ஒரு நா அந்த மாதிரி ஒரு பொய்ப் பிள்ளைக்காக டிரெய்லர் சடன் பிரேக் போட்டு, பக்கத்துல போன பஸ்சு மேல சாஞ்சிருச்சு. அவ்வளவு சனமும் போச்சு. அன்னைக்கிலருந்துதான் இந்தச் சட்டம். எதுக்க ஆள் தெரிஞ்சா வண்டி உடனே ஊர்ப் படக்கிடங்குல கேக்கும். இந்த மொகத்த யாராவது ஒரு மனுசன் பாத்து எடுத்த படம் இருக்கான்னு. இருந்தா நிக்கும். இல்லன்னா வெளிச்சம்னு நெனச்சு மேலயே போயிரும்."

இசக்கி கைப்பேசியைத் திறந்து காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். "நான் பாத்துத்தான எடுத்தேன்?"

ரோஸ்லின் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். எடுப்பவரின் பக்கத்தில் கடுகளவு ஒரு கண் இருந்தது. "உங்க போன்லயும் உண்டு, இது நம்ம கண்ணப் பாக்கும். படத்தப் பொய்யாச் செஞ்சிரலாம். பார்வையச் செய்ய முடியாது. நீங்க எடுத்தப்ப உங்க கண்ணு பையன் மேல இருந்திருக்கும். ஆனா நீங்க பாத்தது அவனயா, இல்ல அந்த டிரெய்லரயா?"

இசக்கி மகனைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் அந்தச் சக்கரங்கள் தெரிவது உண்மைதான். அதற்கு முன்னால் காய்ச்சல் தெரிந்தது. அதற்கும் முன்னால், வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு சின்னப் பொட்டலங்கள். பிள்ளையை மட்டும் தனியாக அவள் பார்த்ததே இல்லை.

"எங்க கவுன்சிலர் படம் தெருவுக்குத் தெரு இருக்கே, அவருக்கு நிக்குமா?" என்று பேச்சை மாற்றினாள்.

"அவருதான் போன மாசம் ஆள் அனுப்பிவிட்டாரு, ரகசியமா வந்து எடுத்துக் குடுன்னு. அம்புட்டு பேனர்ல ஒண்ணுகூடப் பாத்து எடுத்தது இல்லியாம்." ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தாள். "செல்ஃபியும் செல்லாது. தனக்குத்தானே எவன் சாட்சி சொல்லுவான்?"

"ஆருக்கு இருக்கு, ஆருக்கு இல்லன்னு கேட்டா சொல்லுவாங்களா?"

ரோஸ்லினின் சிரிப்பு அடங்கியது. "சொல்ல மாட்டாங்க. வண்டிக்கு மட்டுந்தான் தெரியும். எடுத்தவங்களுக்கு அந்தப் பச்சக் கோடு வரும், அம்புட்டுதான். வெளிய சொன்னா என்னாவும்? யாருக்காக வண்டி நிக்காதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, அவங்களப் புடிச்சுத் தள்ளிவிடுதவன் இருப்பான்ல."

பையன் தரையில் உட்கார்ந்து ஒரு லென்ஸ் மூடியைச் சக்கரமாக உருட்ட ஆரம்பித்தான். ரோஸ்லின் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். நேரம் போனது. அவள் இமைப்பது குறைந்தது. முகத்தில் ஒரு கனிவு வந்து தங்கியது. அறைக்கு வெளியே ஆட்டோக்களின் இரைச்சல் கேட்டது. இசக்கி முதலில் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து மகனுக்கு அருகே நகர்ந்தாள். யாரோ ஒருத்தி, ஊர் பேர் தெரியாதவள், பிள்ளையை இப்படி விழுங்குகிற மாதிரி பார்க்கிறாளே. நாலு வருஷம் ஒருத்தர் கண்ணுக்கும் காட்டாமல் வளர்த்த பிள்ளையாயிற்றே.

ரோஸ்லின் கேமராவை உயர்த்தினாள். அந்த நொடியில் இசக்கி பாய்ந்து நடுவே கையை நீட்டி மகனின் முகத்தை மறைத்தாள்.

படத்தில் ஒரு கை மட்டுமே விழுந்தது.

"யக்கா" என்றாள் ரோஸ்லின் மெதுவாக. கோபப்படவில்லை. கண்களை மூடித் தேய்த்துக்கொண்டாள். "இன்னைக்கு இனிமே எனக்கு முடியாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, உங்க கையப் புடிச்சுக்கிடட்டும்."

வீட்டுக்கு வந்தும் இசக்கிக்கு மனசு ஆறவில்லை. இரண்டு பேர் கண் ஒரே நாளில் பட்டிருக்கிறது, ஜன்னல்காரி கண்ணும் ஸ்டுடியோக்காரி கண்ணும். விளக்கு வைக்கிற வேளையில் மகனைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, கல்லுப்பும் மிளகாயும் கையில் எடுத்துத் தலையைச் சுற்றினாள். "போறவ கண்ணு, வாறவ கண்ணு, அந்தச் சந்தனமாரி கண்ணு" என்று முணுமுணுத்தாள். அடுப்பைப் பற்ற வைத்து உப்பைக் கொட்டினாள். அது படபடவென்று வெடித்தது. எவ்வளவு வெடிக்கிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்பார்கள். அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பியபோது பையன் இல்லை.

பின்கதவு திறந்து கிடந்தது. கதவோரம் ஒரு வாளி கவிழ்ந்திருந்தது. கொண்டி எட்ட வேண்டும் என்று அதன்மேல் ஏறியிருக்கிறான்.

இசக்கி உடைமரங்களுக்கு நடுவே ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. சாலை மேட்டில் ஏறியதும் பார்த்தாள். அந்தியின் மங்கலில் நடுச்சாலையில் பிச்சைமணி நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெரிய வண்டி என்றால் உயிர். எதிரே, விளக்கு இல்லாமல், ஒலி இல்லாமல், வானத்தை மறைத்துக்கொண்டு டிரெய்லர் வந்தது.

அந்தப் பக்கம், சாலைக்கு அடியில் போகும் ஓடைக்குள்ளிருந்து ஒரு உருவம் ஏறி ஓடி வந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, செருப்பு ஒரு காலில் மட்டும் இருக்க, சந்தனமாரி. பையனை எட்டுவதற்குள் கால் மடங்கிச் சாலையில் விழுந்தாள்.

இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவள் வெட்கப்பட்டது அதற்காகத்தான். அந்த நேரத்தில் அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு பெருமூச்சு கேட்டது. மனிதனுடைய மூச்சு அல்ல. பிரேக் காற்று வெளியேறும் நீண்ட சீறல்.

கண்ணைத் திறந்தாள். டிரெய்லர் நின்றிருந்தது. அதன் முகப்பு, பையன் கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. பிச்சைமணி சிரித்துக்கொண்டு அதைத் தொட்டே பார்த்தான். இசக்கி ஓடிப்போய் மகனை அள்ளினாள். வந்த வேகத்திலேயே ஓரத்துக்கு ஓடி, அவனை மார்போடு இறுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் நின்றது என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. தாயே, தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் சக்கரங்கள் உருளும் முனகல் கேட்டது.

திரும்பினாள். டிரெய்லர் மறுபடி புறப்பட்டுவிட்டது. மெதுவாக, ஆனால் சந்தேகமே இல்லாமல். அதன் கணக்கில் சாலை காலியாகிவிட்டது. அதன் முன்னால் சந்தனமாரி முழங்காலை ஊன்றி எழப் பார்த்து, மறுபடி சரிந்தாள். வண்டி அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், சாலையில் விழுந்த ஒரு வெளிச்சம் என்றே நினைத்திருக்கும்.

"எந்திரிங்க. எந்திரிங்க" என்றாள் இசக்கி.

"கால் வரமாட்டேங்குதுட்டி. நீ பிள்ளயத் தூக்கிட்டுப் போ."

அப்போதுதான் இசக்கிக்குப் புரிந்தது. வண்டி பிள்ளைக்காக நின்றிருக்கிறது. எப்படியோ, யாரோ, பிள்ளைக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தில் வண்டியை நிறுத்தக்கூடியது உலகத்திலேயே ஒன்றுதான். அது அவள் மார்போடு ஒட்டியிருந்தது.

நாலு வருஷம் முந்தானைக்குள் வைத்துக் காத்த பிள்ளை. ஒரு தடவை நின்ற வண்டி மறுதடவையும் நிற்கும் என்று யார் உறுதி சொல்வது? இருட்டிக்கொண்டு வருகிறது, முகம் தெரியுமா? யாரோ எடுத்த படத்தை நம்பி, யாருக்காகவோ, தான் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நிற்பதா? ஓடிவிடு என்று உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் சொன்னது. ஓடியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பார்க்க ஒருவரும் இல்லை, கடவுளைத் தவிர.

அவள் மகனின் முகத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். அவனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கி, சந்தனமாரிக்கும் வண்டிக்கும் நடுவே போய் நின்றாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"டாட்டா" என்றான் பையன் வண்டியைப் பார்த்து.

சீறல் கேட்டது. வண்டி நின்றது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் சந்தனமாரி கையை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே, அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். அந்தச் சரசரப்பு ஓரத்து மண்ணை அடைகிறவரை இசக்கி அசையவில்லை. பிறகு பின்னோக்கியே நடந்து விலகினாள். வண்டி ஒன்றும் நடக்காதது போலப் போனது. அது போகப் போக நிலம் அதிர்ந்தது.

பையன் அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுத்தீங்க?" என்றாள் இசக்கி கடைசியில்.

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். குற்றம் செய்து பிடிபட்டவள் போல இருந்தது. "ரோடு போடுதாங்கன்னு பேச்சு வந்ததுமே. ஒங்க வீட்டு முத்தத்துல எறும்பு வரிசயா போச்சு. இவன் உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீனித்துண்டு வச்சிட்டிருந்தான். மறுநா குடுக்கவேண்டிய யூனிஃபார்ம் துணி கெடந்துச்சு. மெஷின நிப்பாட்டிட்டுப் பாத்துட்டே இருந்தேன். ரொம்ப நேரம். அப்புறம் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். கோடு வந்திருச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா எடுக்க விட்டிருப்பியா?"

இசக்கிக்கு அடுப்பில் வெடித்த உப்பு ஞாபகம் வந்தது.

"திட்டணும்னா திட்டு. பாக்காம இருக்க முடியல" என்றாள் சந்தனமாரி.

"ஒங்களுக்கு ஆரு எடுத்தா?"

"எனக்கா? கல்யாணத்துல எடுத்தது, அது எப்பவோ காலாவதியாயிட்டு. அதுக்கப்புறம் ஆரு என்ன நின்னு பாக்கப் போறா? நான் ரோட்டுக்கு அடியில ஓடைக்குள்ளயேதான் போவேன் வருவேன். பழகிப்போச்சு."

சுடலைமுத்து ஷிஃப்ட் முடிந்து வந்து நடந்ததைக் கேட்டான். தூங்குகிற மகனின் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தான். பயந்து பயந்துதான் பார்த்தான். ஆனாலும் பார்த்தான்.

மறுநாள் காலையில் இசக்கி கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசற்படி ஏறினாள். நாலு வருஷத்தில் அந்தப் படியில் அவள் கால் பட்டதில்லை. சந்தனமாரி வீங்கிய காலில் மஞ்சள் பற்றுப் போட்டு, ஜன்னலோரம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் தாயி. இந்த மூஞ்சில பாக்க என்ன இருக்கு? ஒனக்குக் கோடு வராது. வீணா மனசு கஷ்டப்படும்."

இசக்கிக்கும் அந்தப் பயம்தான். சொந்த மகனைப் பார்த்தே வராத கோடு இவளைப் பார்த்து எப்படி வரும்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. நாலு வருஷமாகப் பார்த்துவிடாமல் ஒதுங்கிப்போன அந்தக் கண்களை இப்போது நேராகப் பார்க்க வேண்டும். பின்னால் எங்கோ சாலையில் ஒரு வண்டி போகும் அதிர்வில் ஜன்னல் கம்பி நடுங்கியது.

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அவசரம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க மூடியிருந்தாலும் நான் இங்கனதான் இருப்பேன்" என்றாள்.

சந்தனமாரி சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கை தளர்ந்து முந்தானை நழுவியது. இசக்கி பார்த்தாள். நெற்றியில் ஊசி பார்த்துப் பார்த்து விழுந்த சுருக்கம். இடப்பக்கப் புருவத்தில் ஒரு பழைய தழும்பு, யாரோ அடித்ததோ என்னவோ. உதட்டில் நூலைக் கடித்துக் கடித்து வந்த சின்னக் காயம். அப்புறம் கண்கள். அவற்றில் அவள் பயந்தது எதுவும் இல்லை. பார்க்கப்படுவதற்குக் கூசுகிற கண்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

திரையின் அடியில் பச்சைக் கோடு ஓடியது.

"வந்திருச்சா?" என்று கேட்டாள் சந்தனமாரி, மூச்சை அடக்கிக்கொண்டு.

இசக்கி கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் இல்லக்கா. அப்பிடியே இருங்க" என்றாள்.